டோர் லாக்

இன்னும் ஆறு படம். திரையில் அந்த ஆறும் வந்து போனதும் ஜெசிந்தாவைக் கூப்பிடுவார்கள். அவள் எழுந்துபோய் மைக்கைப் பிடித்துக்கொண்டு மடியில் இருக்கும் இரண்டு பக்கத்தை வாசிக்க வேண்டும். வாசித்து முடித்தால் துணை இயக்குநர் மோகனரங்கம் சார் மாற்று வீடு பெறுகிறவர்கள் பட்டியலில் கையெழுத்துப் போடுவார், அத்தோடு சுண்ணாம்புக் கால்வாய் ஓரத்தில் இருக்கும் நூற்று நாற்பத்து மூன்று வீடுகளின் கதை முடியும். நிகழ்ச்சி நிரலில் அப்படித்தான் அச்சடித்திருந்தார்கள், மூன்றரைக்குக் கள அறிக்கை, மூன்று ஐம்பதுக்குப் பட்டியல் ஒப்புதல், நாலுக்குத் தேநீர். ஒரு குடியிருப்பைத் தூக்கி ஊருக்கு வெளியே வைப்பதற்கும் தேநீருக்கும் நடுவில் பத்து நிமிடம் விட்டிருந்தார்கள், தாராளம்தான். கூட்ட அறையில் ஓட்டல்காரன் ஏசியைக் கூட்டி வைத்திருந்தான், முதுகுப் பக்கம் ரவிக்கை நனைந்து பிறகு காய்ந்து இப்போது சில்லென்று ஒட்டிக்கொண்டிருந்தது. மதியம் மீன் வறுவலை இரண்டாம் தடவை வாங்கியிருக்கக் கூடாது. வாங்கும்போதே யாரோ பார்ப்பது மாதிரி இருந்தது, திரும்பினால் யாரும் இல்லை, அவள் வேலை பார்க்கும் தொண்டு நிறுவனத்தின் தலைவி ஷோபனா மேடம்தான் தூரத்தில், பேச வந்திருந்த வெளிநாட்டம்மாவுக்குப் பாயசம் என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தாள். இரண்டாம் பக்கம், நான்காவது வரி. பார்க்காமலே தெரியும், தட்டச்சு செய்ததே அவள்தான். 'பூட்டியிருந்த பதினோரு வீடுகளுக்கும் வெவ்வேறு நாட்களில் மும்முறை நேரில் சென்று உறுதி செய்யப்பட்டது.' செய்யப்பட்டது. யார் செய்தது என்று அந்த வரியில் எங்கேயும் இல்லை, அந்த மட்டுக்கும் புத்திசாலித்தனமாகத்தான் எழுதியிருக்கிறாள். பதினொன்றில் பத்து வீட்டில் உண்மையிலேயே ஆள் இல்லை, அக்கம்பக்கத்தில் கேட்டாள், காலி செய்துகொண்டு போனவர்கள்தான். மிச்சம் ஒன்று. நூற்றுப் பதினேழு.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, பத்தாம் தேதி, மணி இரண்டே முக்கால் இருக்கும். கால்வாய் வெயிலில் வெந்து நாறிக்கொண்டிருந்தது. கணக்கெடுப்புக்கு என்று கொடுத்திருந்த டேப்பில் சார்ஜ் ஒன்பது சதவீதம். ஒரு நாளைக்கு நாற்பது வீடு எடுக்க வேண்டும், எடுத்தது இருபத்தாறு. நூற்றுப் பதினேழின் தகரக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பூட்டு ஒன்று தொங்கியது. அவள் கதவைத் தட்டினாள், தட்டவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தட்டியதும் உள்ளேயிருந்து டங், டங் என்று சத்தம் வந்தது. எவர்சில்வர் டம்ளரைத் தரையில் தட்டினால் வரும் சத்தம். டங், கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, மறுபடியும் டங், டங். பக்கத்து வீட்டில் யாரோ பாத்திரம் விளக்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாளா, நினைக்க வைத்துக்கொண்டாளா, இந்த இடத்தில் வந்துதான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது. பாத்திரம் விளக்கினால் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். பக்கத்து வீடு நூற்றுப் பதினாறில் அவளே கால்மணி நேரம் முன்னால் உட்கார்ந்து எழுதிவிட்டு வந்திருக்கிறாள், அங்கே ஒரு பெண் தலைவலித் தைலம் தடவிக்கொண்டு படுக்கப் போனாள், யார் விளக்குவது? டேப்பில் பெட்டியைத் தொட்டால் கீழே பட்டியல் விரியும், ஆள் உண்டு, வாடகை, கடை, டோர் லாக். விரல் டோர் லாக்கைத் தொட்டது. பச்சை டிக் விழுந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் நாவில் ஐஸ் வைத்தது போல் இதமாக இருந்தது, வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை.

திரையில் ஏதோ ஒரு குளிர் தேசத்து நகரம் வந்தது. சைக்கிளில் போகிறார்கள், மரத்தடியில் பெஞ்சு, பெஞ்சில் ஒரு கிழவர் சிரிக்கிறார். இங்கா என்ற அந்த வெளிநாட்டம்மா நல்ல மனுஷிதான், காலையில் ஜெசிந்தாவின் பெயரை மூன்று தடவை கேட்டுக் கேட்டுச் சரியாகச் சொல்லிப் பழகினாள். நீதியான நகரம் என்கிறாள், யாரையும் வெளியே தள்ளாத நகரம் என்கிறாள், உலகமே ஒரு சந்தையான பிறகு நகரம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் தண்ணீர் குடிக்கிறாள். முன்வரிசையில் எல்லாரும் எழுதிக்கொள்கிறார்கள். வெளியே தள்ளாத. பூட்டியிருந்தால் ஆளில்லை என்று மற்றவர்கள் நினைக்கலாம், வேளச்சேரி அடுக்ககத்திலிருந்து வந்து கணக்கெடுக்கும் பிள்ளைகள் நினைக்கலாம், அவர்கள் என்ன கண்டார்கள். ஜெசிந்தா நினைக்கலாமா? தோல் கம்பெனிக்கு வேலைக்குப் போகும்போது அவள் அம்மா அவளையும் தங்கச்சியையும் உள்ளே விட்டுத்தான் வெளியே பூட்டிக்கொண்டு போவாள். ரோட்டில் லாரி, கால்வாயில் சேறு, தெருவில் குடிகாரன்கள், பூட்டுதான் அவர்களுக்கு ஆயா. யார் தட்டினாலும் மூச்சு விடக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தாள். ரேஷன் கார்டுக்காரன் தட்டினான், போலியோ மருந்துக்காரி தட்டினாள், ஒரு தடவை தீப்பிடித்த அன்றைக்குத் தெருவே தட்டியது, அப்போதும் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு ஒரு நாள் கணக்கெடுக்க வந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் வீட்டில் இருந்தாள், அதனால் பெயர் ஏறியது, அதனால் வீடு கிடைத்தது, அதனால் ஜெசிந்தா படித்தாள், அதனால் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு இந்தக் குளிரில் உட்கார்ந்திருக்கிறாள். ஒரு நூற்று மூன்று டிகிரி காய்ச்சல். கால்வாய் ஓரத்தில் வெளியே பூட்டு என்றால் உள்ளே யாரோ இருக்கலாம் என்பது அந்தத் தெரு நாய்க்குக்கூடத் தெரியும்.

உள்ளே இருந்தது பழனிவேல். இது நேற்றுச் சாயங்காலம்தான் தெரிந்தது. பஸ் நிறுத்தத்தில் பையோடு நின்றவளின் கையைப் பின்னாலிருந்து யாரோ பிடித்தார்கள். துப்புரவு வேலைக்காரர்கள் போடும் சாம்பல் நிறச் சட்டையைக் கழற்றாமலே ஓடி வந்திருந்தாள் தேசம்மா, நூற்றுப் பதினேழின் தேசம்மா, பழனிவேலின் மனைவி. "டீச்சர், எங்க வூடு லிஸ்டுல இல்லியாமே." கால்வாயில் கையில் ஃபைல் வைத்திருப்பவர்கள் எல்லாரும் டீச்சர்தான். "ஆள் இல்லன்னு போட்டுக்கீதாம். ஆளு இல்லாம எங்க போயிருக்கும் டீச்சர்? அந்தாளால ஒரு பக்கமா திரும்பிப் படுக்கவே முடியாது." கடற்கரைச் சாலைக் கம்பெனிக் கட்டடம் ஒன்றில் கண்ணாடி பதிக்கும்போது சாரத்தின் மூன்றாவது தட்டிலிருந்து விழுந்தவன், நாலு வருஷமாக இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அந்தக் கட்டடத்துக்கு நாலு கட்டடம் தள்ளித் தேசம்மா பெருக்குகிறாள். உள்ளே தாழ்ப்பாள் போட அவனால் எழுந்திருக்க முடியாது, திறந்துபோட்டால் நாய் வருகிறது, கண்டவனும் நுழைகிறான், அதனால் பூட்டிவிட்டுப் போகிறாள். "யாருனா வந்தா டம்ளர தட்டுன்னு குடுத்துட்டுப் போறேன். தட்டுனேன்னு சொல்லுது. யாரோ நின்னாங்க, தட்டுனேன், போயிட்டாங்கன்னு சொல்லுது." அந்த நேரத்தில் ஜெசிந்தாவின் முகம் எப்படி இருந்ததோ, அவளுக்கே தெரியாது. தேசம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, வேறு யாரோ வந்துவிட்டுப் போயிருக்கிறார்கள், டீச்சர் நம்ம பக்கம். டீக்கடையிலிருந்து ஒரு டீ வாங்கிக் கையில் திணித்தாள். "மூணு தபா வந்தாங்களாம். கடைசியா பதினஞ்சாம் தேதியாம். பதினஞ்சு ஞாயித்துக்கெழம டீச்சர், அன்னிக்கி நான் எங்கியும் போவலியே. வாசல்ல குந்திக்கினு மீனு ஆஞ்சிக்கினு இருந்தேன்." ஜெசிந்தா அந்த டீயைக் குடித்தாள். குடித்துவிட்டு, "நான் பாத்துக்கறேன்க்கா" என்றாள்.

ஞாயிறு. மடத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா. டேப்பில் இடமும் பதிவாகும், வீட்டிலிருந்து பொய் சொல்ல முடியாது, ஆனால் தேதியை மாற்றலாம். அணித்தலைவி குணசுந்தரிதான் முதல் வாரமே எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தாள். அங்கேயே நின்றபடி செட்டிங்குக்குள் போ, தேதியைத் தள்ளு, சேமி, மறுபடியும் தள்ளு, சேமி, பழைய தேதிக்குத் திரும்பி வா. மூன்று விசிட் முடிந்தது. "ஆபீஸ்ல இருந்து ஒருத்தன் வெயில்ல வந்து பாக்கட்டும், அப்பறம் பேசலாம்" என்பாள் குணசுந்தரி. அதில் தப்பு சொல்ல முடியாது, நாற்பது வீட்டை ஒரே நாளில் நியாயமாக எடுக்கவே முடியாது என்று மேலே இருப்பவர்களுக்கும் தெரியும், தெரிந்துதான் நாற்பது என்று போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு என்று ஒன்று, பதினைந்து என்று ஒன்று. நாள்காட்டியைப் பார்த்திருந்தால் பதினான்கு போட்டிருப்பாள். பதினான்கு போட்டிருந்தால் என்ன, தேசம்மா வேலைக்குப் போயிருப்பாள், பூட்டு தொங்கியிருக்கும், பொய் கொஞ்சம் நன்றாகப் பொருந்தியிருக்கும். இதைப் போய் நினைத்துப் பார்க்கிறோமே என்று அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தாள். திரையில் இப்போது சுண்ணாம்புக் கால்வாய். இப்போது இருப்பது இல்லை, இனிமேல் வரப்போவது. கம்ப்யூட்டரில் வரைந்த நீலத் தண்ணீர், புல், நடைபாதை, காதில் பாட்டுக் கேட்டுக்கொண்டு ஓடும் ஒரு பெண், கூடவே வெள்ளை நாய். மூலையில் இருக்கும் பழைய மதகை வைத்து ஜெசிந்தா கணக்குப் போட்டுப் பார்த்தாள், மதகிலிருந்து இருபத்தைந்தடி, கோணல் வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம். நாய் நிற்கும் இடம் நூற்றுப் பதினேழு.

இன்னும் இரண்டு படம். சொன்னால் என்ன ஆகும். வேலை போகும், அது நிச்சயம், ஒப்பந்த வேலை, ஒரு மெயிலில் போய்விடும். அவளோடு நின்றால் பரவாயில்லை, ஒரு டோர் லாக் பொய் என்றால் எல்லா டோர் லாக்கும் பொய்யா என்று கேட்பார்கள், குணசுந்தரிக்கு இரண்டு பெண் பிள்ளைகள். பட்டியலையே நிறுத்தி வைப்பார்கள். வியாழக்கிழமை இடிக்கும் இயந்திரம் வருவது நிற்காது, அது வேறு துறை, பட்டியல் நின்றாலும் இடிப்பது நடக்கும், அப்புறம் நூற்று முப்பத்திரண்டு குடும்பமும் சாவி இல்லாமல் ரோட்டில். ஒரு வீட்டுக்காக நூற்று முப்பத்திரண்டு வீடா? எவ்வளவு அழகாக வருகிறது நியாயம், கூப்பிடாமலே வந்து மடியில் உட்காருகிறது. இன்னொன்றும் வந்தது. கிடைத்தால் மட்டும் என்ன கிடைக்கப் போகிறது, முப்பத்தேழு கிலோமீட்டர் தள்ளி, ஏழாவது மாடி. மழை பெய்தால் லிஃப்ட் நின்றுவிடும். இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத மனுஷனை யார் ஏழு மாடி தூக்குவது. தேசம்மா விடியற்காலையில் கிளம்பி மூன்று பஸ் மாறிப் பெருக்க வர வேண்டும், வேலையை விட்டுவிடுவாள், பாதிப் பேர் விட்டுவிட்டார்கள். அதுக்கு ஊருக்குள்ளேயே எங்காவது ஒரு சந்தில் வாடகைக்கு இருப்பது மேல் இல்லையா? இல்லை. மேல் இல்லை. தலைக்கு மேலே ஒரு கூரை, அதில் அவள் பெயர், அதைப் பூட்டிவிட்டுப் போனாலும் அவளுடையது. அம்மா அந்த ஒதுக்கீட்டுக் காகிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசிப் பானைக்குள் வைத்திருந்தது ஜெசிந்தாவுக்குத் தெரியும். பயம் என்று சொல்லிவிட்டுப் போயேன், எதற்கு இத்தனை நியாயம்? பயமாக இருந்தது. பட்டப்பகலில், குளிர்ந்த அறையில், சாப்பிட்ட வயிற்றோடு. பையில் ஃபோன் அதிர்ந்து அதிர்ந்து நின்றது. எடுத்துப் பார்க்கவில்லை, யாரென்று தெரியும்.

"இப்போது களத்திலிருந்து ஒரு குரல்" என்றாள் ஷோபனா மேடம். குரல் என்ற சொல் அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஜெசிந்தா எழுந்து முன்னால் போனாள். மைக் ஒருமுறை கீச்சிட்டது. முதல் பக்கம் தண்ணீர் போல ஓடியது, குடும்பங்கள் இத்தனை, பெண்கள் தலைமையிலான குடும்பங்கள் இத்தனை, மேடம் பத்தி பத்தியாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு வந்தாள், வெளிநாட்டம்மா தலையாட்டினாள். இரண்டாம் பக்கம். முதல் வரி. இரண்டாவது. மூன்றாவது. நான்காவது வரிக்கு வந்ததும் வாய் 'பூட்டியிருந்த' என்று ஆரம்பித்து நின்றுவிட்டது. வேண்டுமென்று நிறுத்தவில்லை, அவள் வாசிக்கத்தான் நினைத்தாள், கடைசி வரைக்கும் வாசிக்கத்தான் நினைத்தாள். டங் என்று உள்ளே எங்கோ கேட்டது. "பூட்டியிருந்த வீடு ஒண்ணுல ஆள் இருந்தாங்க சார்" என்றாள். சொல்வது தன் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது. "நூத்திப் பதினேழு. எனக்குச் சத்தம் கேட்டுச்சு. கேட்டும் டோர் லாக் போட்டுட்டேன். மூணு தடவை போகலை சார். ஒரு தடவைதான் போனேன். மத்த ரெண்டும் தேதியை மாத்திப் போட்டது. தப்பு என்னுது. கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அந்தப் பேரை ஏத்திடுங்க சார். தேசம்மா, கணவர் பேரு பழனிவேல்." மேடம் ஆங்கிலத்தில் என்னவோ சொன்னாள், சொன்னது ஜெசிந்தா சொன்னதைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. ஜெசிந்தா மோகனரங்கம் சாரையே பார்த்துக்கொண்டு நின்றாள். திட்டுவார், வெளியே போ என்பார், போகலாம், போவதற்கு அவள் தயாராகவே இருந்தாள். மார்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கி, அந்த இடத்தில் லேசாகக் காற்றுக்கூட அடித்தது.

முதலில் கை தட்டியது வெளிநாட்டம்மாதான். கண்ணில் தண்ணீர், பொய்த் தண்ணீர் இல்லை. அப்புறம் முன்வரிசை தட்டியது, அப்புறம் எல்லாரும். பின்வரிசையில் இருந்த கல்லூரி மாணவர்கள் சிலர் எழுந்து நின்று தட்டினார்கள். மோகனரங்கம் சாரும் தட்டினார். "இந்த நேர்மை எத்தனை பேருக்கு வரும்?" என்று சபையைப் பார்த்துச் சொன்னார், பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார். "லிஸ்ட் காலையிலேயே கையெழுத்தாகிப் போயிடுச்சேம்மா. மேலேர்ந்து கேட்டாங்க, அனுப்பிட்டோம். இங்க ஒப்புதல்ங்கறது சும்மா ஒரு முறைக்கு."

"திருப்பி வாங்க முடியாதா சார்?"

"அது இனிமே என் கையில இல்ல. அடுத்த குடியிருப்பு எடுக்கும்போது இதை மனசுல வச்சுக்குவோம்." உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. சுவரில் ஒட்டியிருந்த பெரிய வெள்ளைத் தாளில் 'கற்ற பாடங்கள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரு பெண் மஞ்சள் சீட்டில் எதையோ எழுதி ஒட்டினாள். வேலை போகாது போலிருக்கிறது. "பயந்துட்டியா? இதை அப்படியே ஒரு பக்கம் எழுதிக் குடு, அறிக்கையில பெட்டிச் செய்தியா போட்டுக்கலாம்" என்று மேடம் தோளைத் தட்டிவிட்டுப் போனாள். மணி நாலாகிவிட்டிருந்தது, எல்லாரும் தேநீருக்கு எழுந்தார்கள், போகிற வழியில் முன்பின் தெரியாதவர்கள் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வராந்தாவில் குளிர் இல்லை. மறுபடியும் ஃபோன் அதிர்ந்தது, இந்த முறை எடுத்தாள். சொல்லிவிட வேண்டும், இத்தனை பேர் முன்னால் சொன்னதை ஒருத்தியிடம் சொல்ல என்ன கஷ்டம். அந்தப் பக்கம் காக்கைச் சத்தம், யாரோ தண்ணீர்க் குடம் வைக்கும் சத்தம், தேசம்மாவின் மூச்சு.

"டீச்சர், எத்தினி தபா போடறது? நான் இன்னிக்கி வேலைக்கே போவல டீச்சர். சூப்பரைசரு கத்துனாரு, கத்திட்டுப் போன்னு வுட்டுட்டேன். காலையிலேர்ந்து கதவ ரெண்டு பக்கமும் தொறந்து போட்டு வச்சிருக்கேன். பூட்டக் கழட்டிக் கால்வாயிலயே வீசிட்டேன், அது இருந்தாத்தானே வம்பு. பக்கத்து வூட்டுப் பசங்கள வுட்டு அந்தாளத் தூக்கியாந்து வாசல்லயே கட்டில்ல படுக்க வச்சிருக்கேன், வர்றவங்க கண்ணுல படணும்ல. வெயில் மூஞ்சில அடிக்குதுங்குது, கொஞ்சம் பொறு, டீச்சர் ஆள இட்டுக்கினு வந்துரும்னு சொல்லிகினு கீறேன். எப்ப டீச்சர் வருவாங்க?"

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். உள்ளே இருந்து யாரோ அவளுக்கு ஒரு கோப்பை டீயும் இரண்டு பிஸ்கட்டும் கொண்டுவந்து நீட்டினார்கள், வாங்கிக்கொண்டாள்.

"டீச்சர்? கேக்குதா? கதவத் தொறந்தே வைக்கட்டா?"

"தொறந்தே வைங்கக்கா" என்றாள்.